எல்லோருக்கும் பத்துக்குப் பத்து!

சென்ற வருடம் எமது கடையின் காசாளர் மேசைக்கு இருவர் தேவைப்பட்டார்கள். புடவை வியாபாரத்தில் காசாளர் என்றால் சும்மா பில் அடிக்கும் வேலை அல்ல. "நாநா, பத்து வீதம் கழிச்சுத் தாங்க, மூணு துண்டு எடுக்கிறேன்" என்று வாடிக்கையாளர் நிற்கும்போது கல்குலேட்டரைத் தேடாமல் ஒரு தொகையைச் சொல்லத் தெரிய வேண்டும். தொகை கூடினால் ஆள் போய்விடுவார். குறைந்தால் இலாபம் போய்விடும்.

விண்ணப்பித்தவர்கள் பதினான்கு பேர். எல்லோரையும் கொழும்புக்கு அழைத்து பஸ் காசைச் செலவழிக்க வைப்பானேன் என்று எண்ணி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு படிவத்தில் பத்துக் கணக்குகளைப் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்றிரவே விடைகள் வந்தன. பதினொரு பேருக்குப் பத்துக்குப் பத்து! எமது பிள்ளைகளின் கணித அறிவை நினைத்து அகமகிழ்ந்து போனேன்.

மறுநாள் அவர்களில் ஒரு தம்பியைக் கடைக்கு அழைத்து, "2,400 ரூபாவில் 15 வீதம் எவ்வளவு?" என்று கேட்டேன். முதல் நாள் அவர் சரியாக எழுதிய கணக்குதான் அது. தம்பி சிரித்தார். பிறகு மெதுவாகப் போனை எடுத்தார். விசாரித்தபோது விடயம் வெளியே வந்தது. முதலில் எழுதி முடித்தவர் விடைகளைப் படம் பிடித்து அடுத்தவருக்கு அனுப்ப, அது சுற்றிவிட்டது. பதினான்கு பேரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்ட புத்திசாலி நான்தான்!

எனது தங்கையின் மகள் கணித ஆசிரியை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட நாள் தொடக்கம் பிள்ளைகளுக்கு இணையத்தில் வினாக்கள் கொடுத்துப் பழகியவர். அவரிடம் முறையிட்டேன்.

"மாமா, வினாக்களின் ஒழுங்கை மாத்திப் போட்டீங்களா?"

"மாற்றித்தான் போட்டேன்."

"அதனால பிரயோசனம் இல்லை. 360 என்ற விடை முதலாவதா வந்தாலும் ஏழாவதா வந்தாலும் 360தானே. கணக்கில உள்ள எண்களையே ஆளுக்கு ஆள் மாத்த வேணும்."

அவர் சொன்ன முறை இதுதான். வினாவை ஓர் அச்சாக எழுதி வைக்க வேண்டும். "ஒரு சாரியை அ ரூபாவுக்கு வாங்கி, இ வீத இலாபத்தில் விற்றால் விற்ற விலை என்ன?" அ, இ என்ற இடங்களில் கணினி எழுமாறாக எண்களை நிரப்பும். விடையையும் அதே சூத்திரத்தில் தானே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே வெப்வேர்க் என்ற மென்பொருள் மூலம் ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு எண்களில் வீட்டுவேலை கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2002இல் அவுஸ்திரேலியாவின் மார்ட்டின் டூஜியாமாஸ் வெளியிட்ட மூடில் என்ற இலவச மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. ஓர் அச்சுக்கு 100 எண் தொகுதிகள் வரை அது வைத்துக்கொள்கிறது. இம்முறையில் பக்கத்துப் பிள்ளையிடம் விடையைக் கேட்டு வேலையில்லை, செய்கை வழியைத்தான் கேட்கலாம். கேட்டால் கேட்கட்டுமே, அதுவும் படிப்புத்தான் என்கிறார் மருமகள்.

இது நமக்குத் தெரியாத வேலையா என்று நானும் எக்செலில் இறங்கினேன். ராண்ட்பிட்வீன் என்றொரு கட்டளை இருக்கிறது. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கொடுத்தால் இடையில் ஒரு முழு எண்ணைத் தரும். 500க்கும் 3,000க்கும் இடையில் வாங்கிய விலை, 5க்கும் 30க்கும் இடையில் இலாப வீதம் என்று போட்டேன். முதலாவது கணக்கே இப்படி வந்தது: 1,387 ரூபா சாரியை 17 வீத இலாபத்தில் விற்றால்? விடை 1,622 ரூபா 79 சதம். முப்பது வருடமாகப் புடவை விற்கிறேன், 79 சதத்துக்கு ஒரு சாரி விற்றதில்லை! இன்னொரு அச்சில் வாங்கிய விலை, விற்ற விலை இரண்டையும் எழுமாறாக விட்டேன். 900க்கு வாங்கி 350க்கு விற்றால் இலாபம் என்ன என்று கேட்டது கணினி. அந்த வியாபாரிக்கு அனுதாபம் தெரிவிப்பதைத் தவிர வேறு விடை இல்லை.

"எண்களைக் கட்டவிழ்த்து விடக் கூடாது மாமா. விடை எப்படி வர வேணும் என்பதை முதல்ல முடிவு செஞ்சிட்டுப் பின்னால வாங்க" என்றார் மருமகள். இது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம்தான். என்ன விலைக்கு விற்கலாம் என்று பார்த்துவிட்டுத்தானே என்ன விலைக்குக் கொள்முதல் செய்யலாம் என்று யோசிக்கிறோம். விலையை நூறு நூறாகக் கூட்டி 500, 600, 700 என்று 3,000 வரை வைத்தால், எந்த முழு வீதத்தைப் போட்டாலும் சதம் வராது. 26 விலைகள், 5 முதல் 30 வரை ஐந்தைந்தாக 6 வீதங்கள். 26ஐ 6ஆல் பெருக்க, ஓர் அச்சிலிருந்து 156 கணக்குகள். வகுத்தல் கணக்கென்றால் விடையையும் வகுக்கும் எண்ணையும் முதலில் எடுத்துப் பெருக்கிவிட வேண்டும். மீதியில்லாமல் வகுபடும். இலாபக் கணக்கென்றால் விற்ற விலையை எழுமாறாக எடுக்காமல், வாங்கிய விலையுடன் ஒரு தொகையைக் கூட்டிப் பெற வேண்டும்.

அடுத்தது நியாயம் சம்பந்தப்பட்ட விடயம். இதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஒருவருக்கு 2,000 ரூபாவில் 10 வீதம் வருகிறது, இன்னொருவருக்கு 2,700 ரூபாவில் 15 வீதம் வருகிறது. இரண்டும் ஒரே அச்சுத்தான். ஆனால் முதலாமவர் கண்ணை மூடிக்கொண்டு 200 என்பார், இரண்டாமவர் 405ஐப் பிடிக்க வியர்க்க வேண்டும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒருவர் தொழிலை இழக்கக்கூடும் என்ற இடத்தில் இது சிறிய விடயமா? ஆகவே கணக்குகளைத் தரம் பிரித்துத் தனித்தனி மூட்டைகளில் கட்டினேன். இலேசான மூட்டையிலிருந்து எல்லோருக்கும் நான்கு, நடுத்தரத்திலிருந்து நான்கு, கடினமானதிலிருந்து இரண்டு. எண்கள் வேறு, பாரம் ஒன்று.

விடைகளைத் தெரிவு செய்யும் வினாக்களில் பிழையான விடைகளை எப்படிப் போடுவது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கண்டபடி போட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். மனிதர் வழமையாக விடும் பிழையையே சூத்திரமாக்க வேண்டும். 1,000 ரூபா சரக்குக்கு 20 வீதம் ஏற்றி விலை குறித்துவிட்டு, பெருநாளைக்கு 20 வீதம் கழிவு கொடுக்கிறோம். இலாபமுமில்லை நட்டமுமில்லை என்று கடை முதலாளிகளே சொல்வார்கள். 1,200இல் 20 வீதம் 240. கைக்கு வருவது 960தான். 40 ரூபா நட்டம்! அதேபோல் 800க்கு வாங்கி 1,000க்கு விற்றால் வாங்கிய விலைக்கு 25 வீத இலாபம். 20 என்பவர் விற்ற விலைக்குக் கணக்குப் பார்க்கிறார். இப்படியான பிழைகளை வினாவில் வைத்தால் யார் எங்கே சறுக்குகிறார் என்று தெரியும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. கழிவு போக எவ்வளவு என்று கேட்டால், கழிவுத் தொகையையே விடையாக எழுதுபவர்கள் உண்டு என்பதால் அதையும் ஒரு பிழையான தெரிவாக வைத்தேன். கணினி ஒருமுறை 50 வீதத்தை எடுத்தது. 1,000இல் 50 வீதம் கழிவும் 500, மீதியும் 500. சரியும் பிழையும் ஒன்றாகிவிட்டன. 50ஐப் பட்டியலிலிருந்து தூக்கினேன்.

இவ்வளவும் செய்துவிட்டு நான் விட்ட பிழையை இனிச் சொல்கிறேன்.

இரண்டாம் முறை எட்டுப் பேரைக் கடைக்கே அழைத்தேன். ஒவ்வொருவர் போனுக்கும் தனித்தனி வினாத்தொகுதி. வினாக்களை முதல் நாள் எக்செலிலிருந்து பிரதி செய்திருந்தேன். விடைகளை மறுநாள் காலையில் அதே கோப்பைத் திறந்து பிரதி செய்தேன். முடிவு வந்தது. எட்டுப் பேருக்கும் பூச்சியம், மிஞ்சினால் ஒன்று. "இந்தக் காலத்துப் பிள்ளைகள்..." என்று பெருமூச்சு விட்டு எல்லோரையும் அனுப்பிவிட ஆயத்தமானேன். கம்பளையிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி மட்டும் எழும்பவில்லை. கையில் ஒரு கடதாசித் துண்டு. பத்துக் கணக்கின் செய்கையையும் அதில் எழுதியிருந்தார். "சேர், இதில எது பிழை என்று காட்டுங்க, நான் போறேன்" என்றார். பார்த்தேன். பத்தும் சரி.

கோப்பை மறுபடி திறக்கும்போது ராண்ட்பிட்வீன் எண்களையெல்லாம் புதிதாக எடுத்துவிடும். நேற்றைய வினாக்களுக்கு இன்றைய எண்களின் விடைகளைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் எட்டுப் பேரையும் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். எண்கள் வந்தவுடன் அவற்றை வெறும் பெறுமதிகளாக ஒட்டி நிலைப்படுத்தியிருக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி வித்து எண் என்றார் மருமகள். கணினியின் எழுமாறு உண்மையில் எழுமாறு அல்ல, ஒரு சூத்திரம்தான். சிறிய உதாரணம்: 12இல் தொடங்குங்கள். 21ஆல் பெருக்கி 7ஐக் கூட்டினால் 259. கடைசி இரு இலக்கங்கள் 59. அதை மீண்டும் அப்படியே செய்தால் 46, பிறகு 73, 40, 47, 94. பார்க்க ஒழுங்கில்லாதது போல இருக்கும், ஆனால் 12இல் யார் தொடங்கினாலும் இதே வரிசைதான் வரும். நூறு எண்களும் ஒருமுறை வந்த பின்னரே 12 திரும்பும். (கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள், ஏழு ஏழாகக் கூடுகிறது. கெட்டிக்காரப் பிள்ளை பிடித்துவிடும். மென்பொருள்களில் உள்ளவை இதைவிடப் பெரிய எண்கள்.) ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு வித்து எண்ணைக் கொடுத்துக் குறித்து வைத்தால் போதும். பிறகு யாராவது முறைப்பட்டால் அந்த எண்ணைப் போட்டு அவருக்கு வந்த அதே வினாக்களைத் திரும்ப எடுக்கலாம். பில் புத்தகத்தில் காபன் பிரதி வைத்திருப்பது போலத்தான்.

எட்டுப் பேரின் விடைகளையும் அன்றே கையால் திருத்தினேன். லுஹர் முடிந்து சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. கம்பளைச் சகோதரியும் இன்னொரு தம்பியும் தெரிவானார்கள். மற்ற அறுவருக்கும் பஸ் காசு கொடுத்து மன்னிப்பும் கேட்டேன்.

அந்தச் சகோதரி இப்போது காசாளர் மேசையில் இருக்கிறார். வினா மூட்டைகளும் அவர் பொறுப்பில்தான். போன மாதம் புதிய அச்சு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம் அல்லவா? வரியுடன் 1,180 ரூபா என்றால் வரியில்லாத விலை என்ன? 1,180இல் 18 வீதத்தைக் கழித்து 967 ரூபா 60 சதம் என்பவர்களுக்கு ஒரு தெரிவு வைத்திருக்கிறார். என்னிடம்தான் முதலில் கேட்டார். நான் அந்தத் தெரிவைத்தான் தொட்டேன்.