நாள் தள்ளிப்போனால் முதலில் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்

உத்திரமேரூர்ப் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், மூன்று மாதம் முடியும்வரை வெளியில் மூச்சுவிட மாட்டார்கள். கண்பட்டுவிடும் என்ற பயம். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் அரசு தருகிற உதவிகள் அந்த மூன்று மாதத்துக்குள்தான் தொடங்குகின்றன. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிட வேண்டும். ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். நர்சம்மாவுக்குத் தெரிந்தால் போதும்.

பதிந்ததும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். 'பிக்மி நம்பர்' என்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற நம் வழக்கத்துக்கு இது பெரிய துணை. உத்திரமேரூரில் வாழ்க்கைப்பட்ட பெண் வளைகாப்பு முடிந்து வந்தவாசிக்குப் போனால் மாவட்டமே மாறிவிடுகிறது. அங்குள்ள செவிலியரிடம் இந்த எண்ணைச் சொன்னால், இங்கே பதிந்த விவரங்களிலிருந்து கவனிப்பைத் தொடரலாம். குழந்தையின் பிறப்பைப் பதியும்போதும் இந்த எண்ணைக் கேட்பார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. இதில் 14,000 ரூபாய் தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு சத்துமாவு, நெய், பேரீச்சை, இரும்புச்சத்து டானிக் அடங்கிய பெட்டகம் இரண்டு முறை தரப்படுகிறது. வங்கி ஊழியருக்குச் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. கூலிக்காரப் பெண்ணுக்கு அது கிடையாது. அவர் இழக்கிற கூலியை ஓரளவு ஈடுகட்டத்தான் இந்தப் பணம். ஆகவே இதை இலவசம் என்று சொல்லாதீர்கள். உரிமை என்று கேளுங்கள். கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ரத்தப் பரிசோதனை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. மூன்றாம் மாதத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையும் சாப்பாடுமே சரிசெய்துவிடும். எட்டாம் மாதத்தில் தெரிந்தால் ஊசி, ரத்தம் ஏற்றுதல் என்று அலைய வேண்டும். காஞ்சிபுரம் தலைமை மருத்துவமனைக்கும் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கும் உத்திரமேரூரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். உள்கிராமத்துப் பெண்ணுக்கு அதற்கும் மேல்.

சர்க்கரைப் பரிசோதனையையும் சொல்ல வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள். இனிப்பு தொண்டையில் நிற்கும், சிலருக்குக் குமட்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. காலையில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்து வந்த பெண்ணை, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. டாக்டர் வி. சேஷையா போன்றவர்கள் வலியுறுத்திய இந்த எளிய முறையில் எல்லாக் கர்ப்பிணிகளையும் பரிசோதிக்க 2007-இலேயே தமிழ்நாடு முடிவெடுத்தது.

பிரசவ வலி வந்தால் 108. பிறந்த பிள்ளையோடு வீடு திரும்ப 102 வண்டி. அதன்பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசி, ஒன்பதாம் மாதம் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். எடை குறைந்த பிள்ளைகளையும் அவர்களின் தாய்மாரையும் கவனிக்க 2022-இல் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் வந்தது.

ஒரு குறை இருக்கிறது. நிதியுதவி முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்கவும் வேண்டும். மூன்றாவது முறை கருவுற்ற ஏழைப் பெண்ணுக்கும், 18 வயதில் கருவுற்றவளுக்கும் கவனிப்பு கூடுதலாகத் தேவை. அவர்களைப் பட்டியலிலிருந்து விலக்குவது நியாயமில்லை. இந்த நிபந்தனையை அரசு தளர்த்த வேண்டும். பணம் கிடைக்காது என்பதற்காக இவர்கள் பதியாமல் இருந்துவிடவும் கூடாது. பரிசோதனை, மாத்திரை, ஆம்புலன்ஸ், அரசு மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றுக்கு வயதுக் கணக்கோ பிள்ளைக் கணக்கோ கிடையாது.