காலண்டரில் குறித்த தேதி

நாமக்கல்லில் கிளீனராகச் சேர்ந்து லாரி டிரைவர் ஆனவர் என் கணவர். லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்ப இருபது நாள் ஆகும். ஒருமுறை ஆசையாகத் தூக்க வந்தவரை அடையாளம் தெரியாமல் மகள் வீறிட்டு அழுதாள். அன்றிரவு அவர் சாப்பிடவே இல்லை.

"ஏனுங்க, கேஸ் டேங்கருக்குப் போனா சம்பளமாவது கூட வருமுங்களே" என்றேன். அதற்கு மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் பதிய வேண்டும். ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மகளின் சிலேட்டில் நானே எழுதிக் காட்டினேன். வெட்கப்படாமல் கற்றுக்கொண்டார். வேலையும் கிடைத்தது.

பிறகு கல்லூரி பஸ் ஓட்ட ஆள் கேட்டார்கள். கூடப்போன இருவர் லைசென்ஸைப் புதுப்பிக்காததால் திரும்பி வந்தார்கள். இவருடையது சரியாக இருந்தது. காலண்டரில் தேதியைக் குறித்து வைத்து நச்சரித்தவள் நானாச்சே!

2019 சட்டத் திருத்தப்படி கனரக லைசென்ஸுக்கு 5 ஆண்டு, அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்கு 3 ஆண்டுதான் கெடு. ஓட்டத்தில் இருப்பவருக்கு இது மறந்து போகும். டிரைவர் வீட்டுச் சகோதரிகளே, நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

இப்போது தினமும் ராத்திரி அப்பாவோடுதான் சாப்பிடுவேன் என்று மகள் காத்திருக்கிறாள்.

- ஒரு வாசகி, நாமக்கல்.