இயந்திரக் கண்ணும் தேயிலைக் காம்பும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் என்பார் 1929-ஆம் ஆண்டில் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகள் பல. கை கிள்ளுமுன் கண் தேர வேண்டும்: இளங்கொழுந்து எது, முற்றிய இலை எது என்று. ஆலையிலும் அவ்வாறே. உருட்டிய இலை பச்சை மாறிச் செம்பு நிறம் பெறும் பதத்தைக் கண்ணும் மூக்கும் கண்டு சொல்லும். காய்ந்த தூளில் கலந்துள்ள காம்பைக் கண்டறிவதும் கண்ணின் வேலையே.

காம்பு பொறுக்கும் வேலைக்குத் தேயிலைத் தொழிலில் இன்று நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்துள்ளன. இவை எங்ஙனம் காண்கின்றன?

தூள் சரிந்து விழும்போது காமிரா அதனைப் படம் பிடிக்கிறது. படம் என்பது கணிப்பொறிக்கு வெறும் எண்களே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வோர் எண்ணும் பொதுவாக 0 முதல் 255 வரை. கறுத்த தூளில் மூன்றும் சிறியவை. காம்பு செம்பழுப்பாதலால் அதன் சிவப்பு எண் ஓங்கி நிற்கும். குறித்த அளவை அது தாண்டியதும் காற்றுக் குழாய் திறந்து, அக்காம்பை அப்பால் ஊதித் தள்ளும்.

இனி, அந்தப் படத்தைச் சேமித்து வைக்க வேண்டுமாயின் வேறொரு சிக்கல் எழும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உண்டு. நொடிக்கு 25 படங்கள் எனில், ஒரு நொடிக்கே 15 கோடிக்கு மேற்பட்ட எண்கள்! ஆகவே சலனப் படத்தைச் சுருக்குகிறார்கள். முந்திய படத்திலிருந்து மாறாத பகுதியை மீண்டும் எழுதுவதில்லை. மாறியதை மட்டும் குறிக்கிறார்கள்.

மற்றொரு வழி, நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974-இல் வெளியிட்ட கணித முறை. படத்தை எட்டுக்கு எட்டாக, 64 புள்ளிக் கட்டங்களாகப் பிரிப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் ஒளியையும் விரைந்து மாறும் நுணுக்கத்தையும் இம்முறை வேறுபடுத்திக் காட்டும். பின்னர் நுணுக்கத்தின் எண்களைத் தோராயமாக்கி விடுவர். நம் கண் ஒளி வேறுபாட்டைக் கூர்ந்து காணும். நிறத்தின் நுட்பத்தை அவ்வளவு காணாது. எனவே பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறக்குறிப்பை வைத்துக் கொள்வர். திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை.

தேயிலைக்கோ நட்டம் உண்டு. மெல்லிய காம்பைக் காட்டிக் கொடுப்பது நிறந்தானே? படத்தில் ஓரிரு புள்ளி அகலமே உள்ள காம்பின் செம்மை, நான்கு புள்ளிகளின் சராசரியில் கரைந்து, பக்கத்துத் தூளின் கருமையோடு கலந்துவிடும். பார்ப்பவருக்குப் படம் அழகாகவே தோன்றும். காம்போ காணாமற் போயிருக்கும்.

ஆதலின் சோதனையைச் சுருக்காத படத்தில் முதலில் முடித்துக் கொண்டு, பிறகே சேமிப்பதற்காகச் சுருக்குதல் முறை. சுருக்கிய படத்தை மட்டும் பார்த்துச் சரக்கு சுத்தம் என்று சான்று கூறுதல் தகாது. கண் கவனியாததை விடுவது சுருக்கம். கண் தவறவிட்டதையும் பிடிப்பது சோதனை. இரண்டும் ஒரே எண்களைக் கையாண்டாலும் நோக்கம் வேறு.