பழனி வின்ச் எப்படி மலை ஏறுகிறது?

புதுச்சேரியில் கடல் உண்டு, ஊசுடு ஏரி உண்டு, மலை மட்டும் கிடையாது. கோரிமேடு பக்கம் சைக்கிள் மிதித்துப் போகிறவர்களுக்குத்தான் ஏற்றம் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும். பாதி வழியில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருக்கும். அந்தச் சின்ன மேட்டுக்கே மூச்சு வாங்குகிறதே, நேர்குத்தாக நிற்கும் ஒரு மலையில் பெட்டி நிறைய ஆட்களோடு ஒரு ரயில் ஏறுவதென்றால்?

அப்படி ஒன்று பழனியில் இருக்கிறது. மொட்டை போட, காது குத்த, காவடி எடுக்க என்று நம் ஊரிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய்வருகின்றன. மலைக்கோயிலுக்கு 693 படிகள். யானைப்பாதை தனியாக உண்டு. 2004 முதல் அந்தரத்தில் தொங்கிப் போகும் ரோப்கார் உண்டு. இவற்றோடு தண்டவாளத்தில் ஏறும் மின் இழுவை ரயிலும் உண்டு. பழனிக்காரர்கள் அதை ‘வின்ச்’ என்பார்கள். முதல் வின்ச் 1966-ல் ஓடத் தொடங்கியது. 1980-களில் இன்னும் இரண்டு சேர்ந்தன. ரோப்காரில் 3 நிமிடம், வின்ச்சில் 8 நிமிடம். ஆனால் காற்று பலமாக அடித்தால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகும் வின்ச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். பெட்டி ஏற ஏற பழனி ஊர் கீழே இறங்கும். கூரைகளுக்கு நடுவே வையாபுரிக் குளம் விரியும். தெற்கே கொடைக்கானல் மலைகள் சுவர் போல நிற்கும். இதையெல்லாம் பார்த்த பிறகு பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். அதன் தரை சமமாக இருக்காது, படிக்கட்டாக இருக்கும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட ஒரு படி உயரம். பாதை சாய்ந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பவர் சாயக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்தப் பெட்டியைத் தூக்கி வந்து புதுச்சேரி ரயில் நிலையத்தில் வைத்தால் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவோம்! எந்த மலைக்காகச் செய்தார்களோ அந்தச் சரிவுக்குத்தான் அது பொருந்தும்.

சரி, சாதாரண ரயில் ஏன் இந்த மலையில் ஏறாது?

ரயிலின் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டும் வழவழப்பானவை. சமதளத்தில் அது பெரிய வசதி, கொஞ்சம் தள்ளினாலே வண்டி ஓடும். ஏற்றத்தில் அதுவே தொல்லையாகிவிடுகிறது. பிடிப்பு போதாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மழையில் நனைந்து, இலை விழுந்து நசுங்கிக் கிடந்தால் பிடிப்பு இன்னும் குறையும். அதனால்தான் ரயில் பாதைகளை முடிந்தவரை சமமாகப் போடுகிறார்கள். 100 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயர்வதே ரயிலுக்கு நல்ல ஏற்றம்தான். மும்பையிலிருந்து புனே போகும் வழியில் போர் கணவாய் இருக்கிறது. அங்கே 37 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அதற்கே பின்னாலிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின்கள் வேண்டும்.

நீலகிரி மலை ரயில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. அதெப்படி? கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இரண்டு தண்டவாளங்களுக்கு மத்தியில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த ரயிலின் பல்பட்டை, ரோமான் ஆப்ட் என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்தது. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்பவும் வரப்போகிறார்.

பழனி மலை அதைவிடச் செங்குத்து. அங்கே வேறு யோசனை வேண்டும். எஞ்சினை வண்டியிலிருந்து கழற்றிவிடு என்பதுதான் அந்த யோசனை. யோசித்துப் பாருங்கள், சாதாரண ரயிலில் எஞ்சின் பெட்டிகளை மட்டுமா இழுக்கிறது? டன் கணக்கில் கனக்கும் தன்னையும் சேர்த்தல்லவா மலைமேல் சுமக்கிறது! மோட்டாரை ஒரு கட்டடத்தில் அசையாமல் வைத்துவிட்டு, பெட்டியில் ஒரு வடத்தைக் கட்டி இழுத்தால் அந்தச் சுமை மிச்சம். சக்கரம் வழுக்குமே என்ற கவலையும் இல்லை. ஏறும் வேலையைச் சக்கரம் செய்யவில்லை, வடம் செய்கிறது. தண்டவாளம் வழி காட்டினால் போதும்.

வடம் என்றதும் வீராம்பட்டினம் தேர் ஞாபகம் வருகிறதா? ஆடி மாதத்தில் அத்தனை பேர் பிடித்து இழுக்கிறார்களே, அந்தத் தேர்வடம் மெல்லிய நார்களை முறுக்கிப் புரியாக்கி, புரிகளை முறுக்கி வடமாக்கியது. வின்ச் வடமும் அப்படித்தான், நாருக்குப் பதில் எஃகுக் கம்பி. ஆறு புரி, புரிக்கு 19 கம்பி என்பது உலகெங்கும் பழகிய ஓர் அமைப்பு. கணக்குப் போட்டால் ஒரே வடத்துக்குள் 114 கம்பிகள்!

ஒரே தடித்த கம்பியாக வைத்தால் என்ன? அதை உருளையில் சுற்ற முடியாது, வளையாது. இன்னொரு காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. தடித்த கம்பி ஒன்றில் விரிசல் விட்டால் கதை முடிந்தது. சங்கிலியிலும் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று. 114 கம்பிகளில் ஒன்று அறுந்தாலோ மற்றவை தாங்கும். அறுந்த நுனி வெளியே முள்ளாக நீட்டிக்கொண்டு ‘என்னைப் பார்’ என்று பராமரிப்பவருக்குக் காட்டிக்கொடுக்கும். 1834-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் சுரங்க வேலைக்காக இரும்புக் கம்பிகளால் வடம் முறுக்கினார். சங்கிலி அறுந்து தொழிலாளர்கள் உயிர்விடும் ஆபத்துக்கு அவர் கண்ட விடை அது. இன்று லிஃப்ட், கிரேன், தொங்குபாலம் எல்லாம் அந்த வடத்தை நம்பித்தான் நிற்கின்றன.

மின்சாரம் நின்றுபோனால் பெட்டி கீழே உருண்டுவிடாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இப்படிப்பட்ட இயந்திரங்களில் பிரேக்கைத் தலைகீழாக அமைத்திருப்பார்கள். பிரேக் பிடிக்க மின்சாரம் தேவையில்லை, பிரேக்கை விடுவிக்கத்தான் தேவை. மின்சாரம் போன அந்த நொடியே வலுவான ஸ்பிரிங் பிரேக்கை அழுத்திவிடும், பெட்டி நின்ற இடத்தில் நிற்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பழனி மலை சுமார் 450 அடி, அதாவது ஏறக்குறைய 137 மீட்டர். 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுமியை அந்த உயரத்துக்குத் தூக்க வேண்டிய ஆற்றல் 30 × 9.8 × 137, சுமார் 40,000 ஜூல். ஒரு 10 வாட் எல்இடி பல்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எரிய இவ்வளவு போதும். இவ்வளவுதானா என்று தோன்றுகிறது அல்லவா? ஆனால் சிறுமி மட்டும் போகவில்லையே. பெட்டியின் எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைத் தூக்க நூறு மடங்கு ஆற்றல் வேண்டும். ஏறுகிறவர்களைவிடப் பெட்டிக்குத்தான் செலவு!

இந்தச் செலவை ஒழிக்க வழி உண்டு. வடத்தின் ஒரு முனையில் ஒரு பெட்டி, மலையுச்சியில் ஒரு பெரிய சக்கரம், மறுமுனையில் இன்னொரு பெட்டி. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியை இழுத்துவிடும். பெட்டிக்குப் பெட்டி சரியாகப் போய்விடுவதால், ஏறும் ஆட்களுக்கும் இறங்கும் ஆட்களுக்கும் உள்ள எடை வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும் மோட்டார் சமாளித்தால் போதும்.

வீட்டில் செய்து பாருங்கள். ஒரு சின்னக் கப்பி, ஒரு கயிறு, இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள். இரண்டிலும் தண்ணீர் நிரப்பிக் கயிற்றின் இரு முனைகளில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு விரலால் தொட்டாலே ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். பிறகு ஒரு பாட்டிலை அவிழ்த்துவிட்டு மற்றதைத் தூக்குங்கள். வித்தியாசம் கைக்குத் தெரியும்.

வடம் இழுக்கும் ரயில், அதாவது வட ரயில், புதிதல்ல. நம் ஊரோடு நெடுநாள் தொடர்புள்ள பிரான்ஸில், லியோன் நகரத்தில், 1862-லேயே மக்கள் ஏறிச்செல்லும் வட ரயில் ஓடியது. பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த குருவா ரூஸ் என்ற மேட்டுக்கு அது ஏறியது. இத்தாலியில் ஏரிக்கரையில் இருக்கும் ஊர் கோமோ. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டா பிறந்த ஊர் அதுதான், ‘வோல்ட்’ என்ற அளவே அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கிருந்து புருனாத்தே என்ற மலையூருக்கு 1894 முதல் இரட்டைப் பெட்டி வட ரயில் ஓடுகிறது. கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்தை ஏழே நிமிடத்தில் ஏறிவிடும். முதலில் நீராவி, 1911 முதல் மின்சாரம். மலைமேல் வோல்டா நினைவாக ஒரு கலங்கரை விளக்கமும் நிற்கிறது.

இரண்டு பெட்டி என்றால் இரண்டு பாதை போட வேண்டுமே, மலையைக் குடைவது லேசா? இங்கேதான் ரோமான் ஆப்ட் திரும்ப வருகிறார். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு முதல் ரயில் வந்த அதே 1879-ல், ஸ்விட்சர்லாந்தின் பிரியன்ஸ் ஏரிக்கரையில் கீஸ்பாக் என்ற இடத்தில் ஒரு வட ரயில் திறக்கப்பட்டது. ஆப்டுக்கு அப்போது 29 வயது. ஒரே பாதை போட்டு, நட்டநடுவில் மட்டும் அதைக் கண்ணிமை போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே வடத்தில் கட்டிய பெட்டிகள் எப்போதும் சரியாக நடுவில்தானே சந்திக்கும்! ஒரு பெட்டி எப்போதும் வலப்பக்கம், மற்றது எப்போதும் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அதற்கு ஆள் நின்று பாதை மாற்றவில்லை. சக்கரத்தின் வடிவத்தையே மாற்றினார் ஆப்ட். பின்னால் இன்னும் சீராக்கிய வடிவத்தில், பெட்டியின் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு இரண்டு விளிம்புகள், வெளித் தண்டவாளத்தை இருபுறமும் கவ்விக்கொள்ளும். உள்பக்கச் சக்கரங்கள் அகலமாய், விளிம்பே இல்லாமல், குறுக்கே வரும் தண்டவாளங்களை உருண்டு தாண்டிவிடும். அசையும் பாகம் ஒன்றுகூடப் பாதையில் இல்லை. பொறியியலில் இதைவிட அழகான விடையை நான் அதிகம் கண்டதில்லை.

கீஸ்பாக் ரயிலுக்கு முதலில் மோட்டாரும் இல்லை. பக்கத்திலேயே அருவி. மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் அருவித் தண்ணீரை நிரப்புவார்கள். கனம் கூடிய பெட்டி இறங்கும், கீழ்ப்பெட்டி ஏறும். கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அதே நாட்டின் ஃபிரிபோர்க் நகரத்தில் 1899-ல் தொடங்கிய வட ரயில் இன்றும் இப்படித்தான் ஓடுகிறது. அதில் ஊற்றுவது மேட்டுத் தெருக்களின் கழிவுநீர். அங்கே சாக்கடை ஆட்களை மலையேற்றுகிறது!

அடுத்த முறை பழனிக்குப் போகும்போது வின்ச் நிலையத்தில் வரிசையில் நிற்பீர்கள் அல்லவா, அப்போது தண்டவாளத்தை உற்றுப் பாருங்கள். வடத்தின் புரிகளை எண்ணப் பாருங்கள். வடத்தின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று அங்கே வேலை செய்யும் அண்ணன்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் விடையை எழுதிவந்து உங்கள் அறிவியல் டீச்சரிடம் காட்டுங்கள்.