கிள்ளான் கரையில் வெள்ளம்: கடல் மட்டுமா காரணம்?

மலாக்கா நீரிணைக்குச் சுமத்ரா மறைப்பாக நிற்பதால் பேரலைகள் நம் கரையை எட்டுவதில்லை. கிள்ளான், கோல லங்காட் கரைகளுக்கு உருவம் கொடுத்தவை சேறும் கடல் பெருக்கும்தான். கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் கொண்டுவந்த நுண்சேறு கரையோரம் படிந்தது, அதைப் பாக்காவ் மர வேர்கள் பிடித்து நிறுத்தின. பூலாவ் கெத்தாமும் கேரித் தீவும் இப்படி எழுந்த நிலங்களே. பெரிய பெருக்கு வரும் நாட்களில் போர்ட் கிள்ளானில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். அந்தக் கரையில் வீடு மூழ்கினால் 'இயற்கை, என்ன செய்ய முடியும்' என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறோம். கடல் ஏறுவது இயற்கைதான். அது ஏறும் இடத்தில் காட்டை அழித்து மண் நிரப்பி வீடு கட்ட அனுமதிப்பது மனிதர் எடுக்கும் முடிவு. அதை எதிர்த்துக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

தடுப்புக்கரையை இன்னும் உயர்த்தினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்கள் இத்தனை காலம் தடுப்புக்கரைக்குப் பின்னால்தானே வாழ்ந்திருக்கின்றன? உண்மைதான். ஆனால் தடுப்புக்கரை கடலோடு சேர்த்துச் சேற்றையும் தடுத்துவிடுகிறது. உள்ளே புதுமண் படிவதில்லை. நீர் வடிக்கப்பட்ட களிமண் வற்றிச் சுருங்கி, நிலம் தாழ்கிறது. ஆற்றோர மதகு, கடல் வற்றும்போது உள்நீரை வெளியே விடும். பெருக்கு ஏறியதும் மூடிக்கொள்ளும். அந்த மூடிய நேரத்தில் கனமழை கொட்டினால் தண்ணீர் எங்கே போகும்? 2021 டிசம்பர் 18-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. மறுநாள் பௌர்ணமி, அதாவது பெரும்பெருக்குக் காலம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா கூரையளவு நீரில் தவித்தது. சாலாக் செலாத்தானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெய்யும் மழையும் இதே கிள்ளான் ஆற்றில்தான் சேர்கிறது. ஆகவே இது கடலோரக்காரர்களின் கவலை மட்டுமல்ல.

இனி, எதிர்த்துக் கேட்கச் சட்டம் தரும் வழிகள். 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ கடலைத் தூர்க்க வேண்டுமானால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் வட்டாரத் திட்ட வரைவுக்கும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எழுதினால் யார் காதில் விழும் என்ற சலிப்பு நம்மவரிடம் நிறைய உண்டு. 2020-இல் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதியைக் காப்பக நிலையிலிருந்து விடுவிக்கும் அறிவிப்பு வந்தபோது 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. அப்படியும் 2021-இல் காப்பகத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. எதிர்ப்பு ஓயாததால் அதே ஆண்டு சிலாங்கூர் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. ஒரு கடிதம் போதாது, விடாமல் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வீட்டளவில் செய்ய வேண்டியதும் உண்டு. வங்கிக் கடனுக்காக எடுத்த சாதாரணத் தீக் காப்புறுதி வெள்ளத்துக்கு ஈடு தராது. காருக்கும் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். வெள்ளம் வந்தால் துப்புரவுக்கு முன் சுவரில் நீர் நின்ற கோட்டையும் சேதமான பொருட்களையும் படமெடுத்து, போலீஸ் புகார் செய்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அரசு அமைப்பொன்றின் கவனக்குறைவே இழப்புக்குக் காரணம் என்று கருதினால் 36 மாதங்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், அதனால் வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.