படிகத்தின் அளவு

பென்னாகரத்துச் சமையலறைகளுக்கும் வந்துவிட்ட மின்தூண்டல் அடுப்பின் மேற்பலகை, பெரும்பாலும் கண்ணாடிப் பீங்கானாகும்.

1953இல் அமெரிக்காவின் கார்னிங் ஆய்வகத்தில் உலை பழுதுற்று, 600 பாகைக்குப் பதில் 900 பாகை சூடேறியது. டொனால்டு ஸ்டூக்கி உள்ளே வைத்த கண்ணாடி உருகவில்லை. வெண்மையாகி, கீழே விழுந்தும் உடையாதிருந்தது.

காரணம், அதனுள் விளைந்த நுண்படிகங்கள்! நெருங்கிப் பின்னிய அவை கடினத்தைக் கூட்டி, விரிசல் ஓடாமல் தடுக்கின்றன. படிகம் பருத்தால் ஒளி சிதறி வெண்மை தோன்றும். ஒளியலையினும் மிக நுண்ணியதாயின் ஒளி ஊடுருவும். ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில் 1986இல் நிறுவப்பட்ட தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடியும் இவ்வினத்ததே.

எனினும், சூட்டைத் தாங்கும் பலகை பலத்த அடியைத் தாங்காது. விரிசல் கண்டால் அடுப்பை உடனே நிறுத்திவிடுங்கள். அதன்வழி நீர் இறங்கினால் மின்சாரம் தாக்கக்கூடும்.

யாவற்றையும் அளவோடு படைத்த அல்லாஹ்வின் நியதி, கண்ணுக்குப் புலப்படாத படிகத்திலும் துலங்குகிறதன்றோ!