கையடக்க விளையாட்டில் ஓர் அறம்

முன்னுரை

கதை சொல்லும் கலைகளுள் இளையது வீடியோ விளையாட்டு. சேலம் மாநகரை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களிலும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கைப்பேசித் திரையில் குனிந்த தலை நிமிராது ஆடுவதை நாள்தோறும் காண்கிறோம். எந்நேரமும் சுடுவதும் கொல்வதுமே விளையாட்டாகிவிட்டது எனப் பெரியோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொருளற்றதன்று. ஆயினும், நூலைப் படியாமல் அதற்கு மதிப்புரை கூறுதல் தமிழ் கற்றோர்க்கு அழகன்று. எனவே, கொலையையே தொழிலாகக் கொண்டு தொடங்கி, கொல்லாமையில் சென்று முடியும் ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பையும் உட்பொருளையும் ஈண்டுக் காண்போம். அது 1991ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவிலும், 1992ஆம் ஆண்டு சனவரியில் ஜப்பானிலும் வெளிவந்த 'மெட்ராய்ட் 2: ரிட்டர்ன் ஆஃப் சாமஸ்' என்பதாகும்.

கருவியின் எல்லை

ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டுச் செய்யும் நிறுவனமாகத் தோன்றியது நிண்டெண்டோ. அந்நிறுவனம் 1989ஆம் ஆண்டு 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. இதனை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய் என்பவர். புத்தம் புதிய, விலை மிகுந்த நுட்பத்தைத் தேடி ஓடாமல், நன்கு பழகி விலை மலிந்த நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது அவரது கொள்கை. அதனால், போட்டி நிறுவனங்கள் வண்ணத்திரையை நாடிய காலத்திலும் கேம் பாய் வண்ணமின்றியே வந்தது. 160க்கு 144 படப்புள்ளிகள் கொண்ட சிறு திரை. கருமை முதல் வெளிர்மை வரை நான்கே சாயல்கள். இயக்குவதற்கு நான்கு சிறிய பேட்டரிகள். இவ்வளவே அதன் செல்வம். எனினும், பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து உலகெங்கும் 11 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்பனையாயின.

நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டு இக்கருவிக்கென ஆக்கப்பட்டது. யோகோய் அவர்களே தயாரிப்பாளர். இது 1986ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கிய 'மெட்ராய்ட்' வரிசையின் இரண்டாம் படைப்பு. மேடைக்கு மேடை தாவுதல், பகைவரைச் சுடுதல், குகைகளுள் வழி தேடுதல் ஆகிய மூன்றும் இவ்வரிசையின் இயல்புகள். தலைவி சாமஸ் ஆரன் என்னும் விண்வெளி வீராங்கனை. முதல் விளையாட்டில், விரைந்து ஆடி முடித்தோர்க்கு மட்டுமே, கவசத்துள் இருந்தவர் பெண் என்ற செய்தி இறுதியில் வெளிப்பட்டது. அது பலரையும் வியப்பில் ஆழ்த்தியது.

குறையே நிறைவாதல்

வரம்பு குறுகும்போது கலைஞனின் அறிவு கூர்மையடைகிறது என்பதற்கு இவ்விளையாட்டு நல்ல சான்று. முதல் விளையாட்டில் சாமஸ் வலிய கவசம் பெற்றதை நிறமாற்றத்தால் உணர்த்தினர். நிறமே இல்லாத திரையில் அவ்வழி அடைபட்டது. ஆகவே கவசத்தின் தோள்களைப் பெரிய உருண்டைகளாக வரைந்து வேறுபாடு காட்டினர். நெருக்கடியில் பிறந்த அத்தோற்றமே பின்வந்த வண்ண விளையாட்டுகளிலும் சாமஸுக்கு நிலையான வடிவாயிற்று.

சிறு திரையில் தெளிவாகத் தெரியும்பொருட்டு வீராங்கனையின் உருவைப் பெரிதாக வரைந்தனர். அதனால் அவரைச் சுற்றியுள்ள உலகம் சிறிதளவே கண்ணுக்குப் புலனாகிறது. விளையாட்டினுள் வழிகாட்டும் வரைபடமும் இல்லை. ஆடுவோர் தம் நினைவையே விளக்காகக் கொண்டு குகைகளில் நடக்க வேண்டும். இருளும் தனிமையும் அச்சமும் நான்கு சாயல்களாலேயே உண்டாக்கப்பட்டுள்ளன. நம் பிள்ளைகள் 'கேசட்' என்று வழங்கும் பேழையினுள் சிறு மின்கலம் வைத்து, ஆட்டத்தை இடையில் நிறுத்திப் பின்னர் தொடரும் வசதியையும் அளித்தனர்.

கதையும் எண்ணிக்கையும்

மெட்ராய்ட் என்பது ஓர் உயிரினத்தின் பெயர். கடலில் மிதக்கும் இழுதுமீனைப் போன்ற உடலுடையது. பிற உயிர்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் ஆற்றலை உறிஞ்ச வல்லது. அதன் தாய்க்கோள் எஸ்.ஆர்.388. அங்குச் சென்ற ஆய்வுக்குழுவும், அதனைத் தேடிச் சென்றோரும் மீளவில்லை. ஆகவே அவ்வினத்தையே வேரறுத்து வருமாறு விண்மண்டலக் கூட்டமைப்பு சாமஸை அனுப்புகிறது.

திரையின் அடியில் ஓர் எண் நிற்கிறது. தொடக்கத்தில் அது 39. மெட்ராய்ட் ஒன்றைக் கொல்லுந்தோறும் எண் ஒன்று குறைகிறது. குறிப்பிட்ட தொகை கொன்றபின் நிலம் நடுங்கும். வழியை மறித்திருந்த அமிலம் வடியும். மேலும் ஆழத்திற்குச் செல்ல இயலும். கொலையே திறவுகோல் என்னுமாறு ஆட்டம் அமைந்துள்ளது. ஆழம் செல்லச் செல்ல அவ்வுயிர்களும் பல பருவங்களாக உருமாறி வலிமை பெறுகின்றன. ஒன்றே எஞ்சியது என்று எண் காட்டும் நிலையில், முட்டையிலிருந்து வந்த இளம் மெட்ராய்டுகள் எதிர்ப்பட, அவ்வெண் ஒன்பதாக ஏறிவிடுகிறது. அவற்றையும் கடந்து, அவ்வினத்தின் அரசியையும் சாமஸ் வீழ்த்துகிறாள்.

வேலை முடிந்தது என்று ஆடுவோர் கருதும் வேளையில், ஒரு முட்டை எதிரே நிற்கிறது. அது பிளந்து ஒரு குஞ்சு வெளிவருகிறது. வந்தது தாக்கவில்லை, முதலில் கண்ட சாமஸையே தாயென எண்ணிச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. சாமஸ் சுடவில்லை. உரையாடல் ஒரு சொல்லும் இல்லை. விண்கலத்துக்கு ஏறும் வழியில் எதிரியும் எவரும் இல்லை; அமைதியான இசை மட்டும் ஒலிக்கிறது. வழியை அடைத்து நிற்கும் கட்டிகளைச் சாமஸால் உடைக்க இயலாது. அக்குஞ்சே அவற்றைத் தின்று வழி திறக்கிறது. அழிக்க வந்தவள், அழிக்கப்பட வேண்டியதன் துணையாலேயே வெளியேறுகிறாள்.

விளைவு காட்டும் தொடர்கள்

அக்கருணை கதையோடு முடிந்துவிடவில்லை. 1994ஆம் ஆண்டு வந்த 'சூப்பர் மெட்ராய்ட்' என்னும் தொடரில், வளர்ந்த அதே உயிர் சாமஸைக் காக்கத் தன் உயிரைத் தருகிறது. 2002ஆம் ஆண்டு வந்த 'மெட்ராய்ட் ஃப்யூஷன்' மற்றோர் உண்மையைப் புலப்படுத்துகிறது. மெட்ராய்டுகள் அழிந்தபின் எஸ்.ஆர்.388இல் 'எக்ஸ்' என்னும் கொடிய ஒட்டுண்ணி பெருகுகிறது. அதனை உண்டு அடக்கி வைத்திருந்தவை மெட்ராய்டுகளே. வயலில் பாம்பையும் ஆந்தையையும் ஒழித்தால் எலி பெருகும் என்பதை அறிந்த நம் உழவர் பெருமக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அந்த ஒட்டுண்ணி பற்றிய சாமஸைப் பிழைக்கவைத்த மருந்தும், அன்று கொல்லாது விட்ட குஞ்சின் உயிரணுவிலிருந்தே கிடைக்கிறது.

2017ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் மெர்குரிஸ்டீம் நிறுவனம், நிண்டெண்டோவுடன் இணைந்து இவ்விளையாட்டை வண்ணத்திலும் வரைபடத்துடனும் மீண்டும் ஆக்கியது. ஆடுவதற்கு அது எளியது, இனியது. எனினும், பழைய ஆட்டத்தின் அமைதியான முடிவுக்கு அதில் ஒரு பெரும்போர் சேர்க்கப்பட்டுள்ளது. படைக்கலன் ஓய்ந்த அந்த மௌனம் தந்த பொருளாழம் இதனால் குறைந்தது என்பது நம் கருத்து.

காப்பிய நெறியில் ஒரு நோக்கு

முன்கதையின் சினத்திலிருந்து பின்கதையின் அருளுக்குச் செல்லும் நெறி தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையை எரியூட்டும் கண்ணகி, அந்நிலையிலும் முதியோரையும் குழவியரையும் விலக்கிவிடுமாறு தீக்கடவுளைப் பணிக்கிறாள். அதன் தொடர்ச்சியாகிய மணிமேகலையிலோ, பசித்தோர்க்கு அமுதசுரபி ஏந்தி, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கும் மகளைக் காண்கிறோம். இரட்டைக் காப்பியங்களோடு ஒரு விளையாட்டைத் தராசில் நிறுத்துதல் நம் நோக்கமன்று. கடுஞ்சினத்தின் நடுவிலும் குழவி விலக்கப்பட வேண்டும் என்னும் உணர்வு, காலமும் கடலும் கடந்து, நான்கு சாயல் திரையிலும் வந்து நிற்கிறது என்பதே நாம் சுட்ட விரும்புவது. ஒரு வேறுபாடும் உண்டு. காப்பியத்தில் பிறர் செயலைக் கற்கிறோம். விளையாட்டில் சுட்ட விரல் நம்முடையது. அடங்கிய விரலும் நம்முடையதே.

முடிவுரை

எல்லா விளையாட்டும் இத்தகையன அல்ல. கொன்ற தொகையைக் காட்டிப் பரிசளித்து, மேலும் கொல்லத் தூண்டுவனவே மிகுதி. அவற்றை இளைஞர் கையில் கேள்வியின்றி விடுதல் தகாது. எல்லாவற்றையும் ஒருசேர இகழ்ந்து பிடுங்கி வைத்தலும் பயன் தராது. 'இதில் யாரைக் கொல்கிறாய்? எதற்காக? கொல்லாமல் விட இடம் உண்டா?' என்னும் மூன்று கேள்விகளைப் பெற்றோரும் ஆசிரியரும் அருகமர்ந்து கேட்பாராயின், பிள்ளைகள் விளையாட்டையும் ஒரு நூலைப் போல ஆராயத் தொடங்குவர். நல்லதையும் அல்லதையும் பிரித்தறியும் அப்பழக்கத்தை வளர்ப்பதே இலக்கியக் கல்வியின் பயன். அது ஏட்டுக்கு மட்டும் உரியதன்று, கையடக்கத் திரைக்கும் உரியதாகும்.